வானூர்திக் கல்வியும் பொதுப்பணமும்

(நம் சங்கத்தின் கல்விநிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். எழுத்தும் சொல்லும் பொருளும் பிள்ளைகட்கு உரைத்தே இருபதாண்டு கழித்த எமக்கு ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று உங்களுள் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பு நேரியதே. விமானத்தின் பொறிநுட்பம் யாம் அறியேம். அதில் ஒருமுறையேனும் ஏறியதும் இல்லை. ஆயினும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் விமானம் அன்று. விமானக் கல்விக்கு ஆகும் பணமே. அப்பணத்தை யார் தருவது, எவ்வளவு தருவது, எதுவரையில் தருவது என்பதே கேள்வி. கல்வி எதுவாயினும் அதன் செலவைப் பற்றிப் பேசப் பள்ளியாசிரியனுக்கு உரிமை உண்டென நீங்கள் ஒப்புவீர்கள் என்று நம்பித் துணிந்தோம்.

சீவக சிந்தாமணி கற்றோர் மயிற்பொறியை மறவார். சச்சந்தன் என்னும் வேந்தன் தனக்கு நேரவிருந்த கேட்டினை உணர்ந்து, தொழில்வல்லான் ஒருவனைக் கொண்டு மயில்வடிவாய்ப் பறக்கும் பொறியொன்று செய்வித்தான். செய்வித்ததோடு அமைந்தானில்லை, அதனைச் செலுத்தும் முறையைத் தன் தேவியாகிய விசயைக்குப் பயிற்றுவித்தான். கட்டியங்காரனது வஞ்சனையால் அரசன் மாண்ட நாளில், சூல்கொண்டிருந்த அவ்வரசி அப்பொறியிலேறி நகர்நீங்கினாள். இடைவழியில் பகைவனது வெற்றிமுரசம் கேட்டு அவள் உணர்விழந்தாளாகப் பொறி சுடுகாட்டிலே இறங்கிற்று.

இக்கதையினின்று இன்று நமக்கு வேண்டுவன இரண்டு. பொறி வேறு, அதனைச் செலுத்தும் பயிற்சி வேறு என்பது ஒன்று. அப்பயிற்சி அரசமனையினுள்ளே மட்டும் கிடைத்தது என்பது மற்றொன்று. உழவன் மகளுக்கு மயிற்பொறி பயிற்றுவார் எவரும் இருந்திலர். பொறி மிகமிக விலையுயர்ந்ததாயின் அதன் கல்வியும் செல்வர் மனையை விட்டு வெளிவருவதில்லை. பொதுப்பணம் புகுந்தால் அன்றி அக்கதவு திறவாது என்பதும், புகுந்த பணம் பாதிவழியில் நின்றால் திறந்த கதவாற் பயனில்லை என்பதுமே யாம் சொல்லவந்தவை.

இதனை யாம் நூலினின்று மட்டும் கற்றோமல்லோம். எம் மாணாக்கன் ஒருவன், கணக்கில் நூற்றுக்கு நூறு பெற்றவன், விமானி ஆதல் வேண்டுமென்று விரும்பினான். தந்தையார் நிலத்தின் ஒரு பகுதியை விற்றார். மூன்றாண்டுகட்கு முன்னர் இதே மேடையில் நாம் அவனுக்கு மாலையிட்டு, நம் கல்விநிதியிலிருந்து 25,000 ரூபாயை வெள்ளித்தட்டில் வைத்துக் கொடுத்தோம். கைதட்டியவர்களுள் யாமும் ஒருவேம். அவன் பயிற்சிக்குச் சென்றான். மழைநாள் கழிந்தது, விமானம் பழுதுற்று நின்ற நாள் கழிந்தது, விடுதிச் செலவு மட்டும் நிற்கவில்லை. நம் நாட்டில் விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அவன் 110 மணி பறந்த நிலையில் பணம் தீர்ந்தது. ஊர் திரும்பி, இன்று மாமனார் கடையில் கணக்கெழுதுகின்றான். பறந்த நேரத்தைப் பதிந்த ஏட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றான். சென்ற தைத்திங்களில் அவனைக் கண்டபோது, “ஐயா, 110 மணி என்பது ஒருவருக்கும் வேண்டாத எண்” என்றான். பின்னர், “அமெரிக்காவிலே ஊர்க் கல்லூரியிலேயே சர்க்கார் பணத்தில் விமானம் ஓட்டக் கற்பிக்கிறார்களாமே, மெய்யா ஐயா?” என்று வினவினான். அப்பொழுது எமக்கு விடை தெரிந்திலது. அன்றுமுதல் தேடிக் கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சமுதாயக் கல்லூரி என்பதொன்று உண்டு. அது இரண்டாண்டுக் கல்லூரி. உயர்நிலைப் பள்ளி முடித்த எவரும் பெரும்பாலும் தடையின்றிச் சேரலாம். அதன் செலவை மாநில அரசும், பல இடங்களில் உள்ளூர் வரியும், மாணவர் கட்டணமும் பகிர்ந்து தாங்குகின்றன. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரியே இவ்வகையின் முதல்வன் என்பர். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், தலைவர் துரூமன் அமைத்த குழு 1947இல் இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்குமாறு உரைத்தபின் சமுதாயக் கல்லூரி என்னும் பெயரும் பரவிற்று. செவிலியர், மின்தொழிலாளர், மோட்டார் மெக்கானிக் முதலியோரைப் பயிற்றும் இக்கல்லூரிகளுட் சில விமானிகளையும் விமானப் பழுதுபார்ப்போரையும் பயிற்றுகின்றன.

கல்லூரிவழியே வானூர்திக் கல்வியைப் பொதுப்பணத்தால் நல்கும் வழக்கம் அந்நாட்டில் பெரிய அளவில் எவ்வாறு தொடங்கிற்று என்று பார்ப்போம். அதற்கு முந்திய நிலையை இருவர் வாழ்க்கை காட்டும்.

பெஸ்ஸி கோல்மன் என்னும் அம்மையார் 1892இல் டெக்சாசு மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. சிக்காகோ நகரில் பிறர்க்கு நகந்திருத்தும் வேலை செய்து வாழ்ந்தவர். விமானம் ஓட்டக் கற்க விரும்பியபோது, பெண் என்பது ஒன்று, கறுப்பினத்தார் என்பது ஒன்று ஆக இருதடை காட்டித் தம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகள் அவரை ஏற்கவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்று, தம் சேமிப்போடு தம் இனத்துச் செல்வர் உதவியும் பெற்றுக் கடல்கடந்து பிரான்சு சென்று, 1921 ஜூன் 15ஆம் நாள் உரிமம் பெற்றார். தம் இனத்தார்க்கு ஒரு பயிற்சிப் பள்ளி நிறுவுதலே அவர் வாழ்நாள் விருப்பம். அதற்குப் பொருள் சேர்ப்பான் வானவித்தைகள் காட்டிவந்தவர், 1926இல் விமானத்தினின்று வீழ்ந்து மாண்டார். பள்ளி அவர்காலத்து எழவேயில்லை.

இரண்டாமவர் சார்லசு ஆல்பிரெட் ஆண்டர்சன். கற்பிப்பார் இல்லாமையால் இவர் தம் சேமிப்போடு உற்றாரிடமும் நண்பரிடமும் கடன்வாங்கி ஒரு சிறு விமானத்தையே விலைக்குக் கொண்டார். பிறர் ஓட்டுவதைப் பார்த்தும், கேட்டும், தாமே முயன்றும் கற்றார். பின்னர் செருமானிய நாட்டினின்று குடியேறிய விமானி ஒருவர் துணைசெய்ய, 1932இல் வணிக விமானி உரிமம் பெற்றார். அவ்வுரிமம் பெற்ற முதற் கறுப்பினத்தார் அவரே.

அன்பர்களே! இவ்விருவர் வீரத்தையும் எத்துணைப் போற்றினும் தகும். ஆனால் விமானம் ஒன்றை விலைக்கு வாங்கியோ, கடல்கடந்தோ கற்க வேண்டியதொரு கல்வி எத்தனை பேர்க்கு எட்டும்? வீரர் ஒருவர் இருவர் தோன்றுவர், வழி தோன்றாது. வழி அமைப்பது பொதுப்பணத்தின் தொழில்.

அவ்வழி 1938 திசம்பர் 27ஆம் நாள் தொடங்கிற்று என்னலாம். அன்று தலைவர் ரூசுவெல்ட், ஆண்டுதோறும் கல்லூரி மாணவர் 20,000 பேர்க்கு விமானப் பயிற்சி நல்கும் திட்டத்தை அறிவித்தார். முதலில் 13 கல்லூரிகளில் 330 மாணவரைக் கொண்டு சோதித்துப் பார்த்தனர். 1939 ஜூன் மாதம் குடியியல் விமானிப் பயிற்சிச் சட்டம் நிறைவேறிற்று. கல்லூரி வகுப்பறையில் 72 மணி நேரம் பாடம். அடுத்துள்ள விமானத்தளத்தில் 35 முதல் 50 மணி நேரம் பறக்கும் பயிற்சி. பாடத்தைக் கல்லூரி சொல்லித்தரும். பறத்தலைத் தனியார் பயிற்சிப் பள்ளி கற்பிக்கும். கணக்கை அரசு தீர்க்கும். பல்கலைக்கழகங்களோடு இரண்டாண்டுக் கல்லூரிகளும் இதிற் சேர்ந்தன. 1944இல் திட்டம் முடிவதற்குள் 4,35,165 பேர் இவ்வழியே பயிற்சி பெற்றனர்.

அச்சட்டத்தில் ஒரு விதி இருந்தது. இனம், சமயம், நிறம் என்பனபற்றி இப்பயிற்சியின் பயன் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்பதே அது. இவ்வொரு விதியின் வலியால், அலபாமா மாநிலத்து டஸ்கிகீ கல்விக்கழகம் உள்ளிட்ட கறுப்பினத்தார் கல்லூரிகள் சில திட்டத்துள் வந்தன. கடன்வாங்கி விமானம் கொண்ட ஆண்டர்சனே 1940இல் டஸ்கிகீயில் தலைமைப் பயிற்சியாசிரியரானார். 1941 மார்ச்சு 29ஆம் நாள் நாட்டுத் தலைவரின் மனைவியார் எலினர் ரூசுவெல்ட் அங்கு வந்து, ஆண்டர்சன் ஓட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். ரோசன்வால்டு அறநிதி 1,75,000 டாலர் கடனளித்து விமானத்தளம் அமைக்கத் துணைநின்றது. அடுத்துத் தொடங்கிய படைப்பயிற்சியில் 1946க்குள் 992 கறுப்பின விமானியர் டஸ்கிகீயில் தேறி வெளிவந்தனர். பெஸ்ஸி கோல்மன் காலத்தில் ஒருவர்க்கும் திறவாத கதவு இருபதாண்டுக்குள் நூற்றுக்கணக்கினர்க்குத் திறந்தது. அறிவு திடீரென்று பெருகவில்லை. பணம் பொதுவாயிற்று, விதியும் பொதுவாயிற்று.

அத்திட்டம் குறையற்றதென்று சொல்லுதற்கில்லை. ஆடவர் பதின்மர்க்குப் பெண் ஒருவர் என்றே இடமளித்தனர். 1941இல் அதனையும் நிறுத்தினர். அரசு போரை எதிர்நோக்கிப் படைக்கு ஆள்சேர்க்கும் நோக்கமும் கொண்டிருந்தது. ஆயினும் அதன் சிறப்பு ஒன்றை நாம் மறத்தலாகாது. எடுத்துக்கொண்ட பயிற்சி எவ்வளவோ, அவ்வளவின் முழுச்செலவையும் அது தாங்கிற்று. மாணவன் சிறுதொகை செலுத்தினான்; எஞ்சியதெல்லாம் அரசினது. பாதியில் பணமின்றி இறங்கியவன் அதில் இல்லை.

நிற்க. இன்றைய நிலைக்கு வருவோம். எம் மாணாக்கன் கேட்ட கேள்விக்கு விடை, மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு என்பதே.

சமுதாயக் கல்லூரியில் விமானக் கல்விக்கு இரு கூறு உண்டு. நிலத்தில் கற்பது ஒன்று. வானிற் கற்பது மற்றொன்று. வானிலை, வழிகாணல், விதிகள் முதலியவற்றை வகுப்பில் முப்பது பேர்க்கு ஓராசிரியர் உரைக்கலாம், செலவு குறைவு, பொதுப்பணம் அதனை எளிதிற் சுமக்கும். வானிலோ ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர், ஒரு விமானம். எண்ணெய், எஞ்சின் பழுதுபார்ப்பு, காப்புறுதி ஆகியவை மணிக்கணக்கில் ஏறும். இச்செலவைக் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்க்காது, பறத்தற் கட்டணம் என்று தனியே மாணவன்மேல் வைப்பதே பல இடத்து வழக்கம்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஏழை மாணவர்க்கு அந்நாட்டுக் கூட்டரசு அளிக்கும் பெல் கொடை 2024-25ஆம் ஆண்டில் மிகுதியாக 7,395 டாலர். இரண்டாண்டுக்கு 14,790. பெற்றோரைச் சார்ந்த மாணவன் கூட்டரசிடம் பெறக்கூடிய நேர்கடன் முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, ஆக 12,000. இரண்டையும் கூட்டின் 26,790 டாலர். இதனுள் வகுப்புக் கட்டணம், உணவு, உறையுள் யாவும் அடங்க வேண்டும். பயிற்சி முழுமைக்கும் ஒரு இலட்சம் டாலரை எட்டும் நிலையங்களும் அங்கு உள. எஞ்சியதை வீடு தருதல் வேண்டும். வீட்டில் இல்லையேல் தனியார் வங்கியின் வட்டி தரும். அங்கும் நம் மாணாக்கனைப் போன்றார் பலர் உளர் என்பதை இக்கணக்கே சொல்லும்.

பயிற்சியின் படிகளும் நெடியன. தனிவிமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி. வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவிதிப்படி 250 மணி, சிறப்பு ஒப்புதல் பெற்ற பள்ளியாயின் 190. பயணிகளை ஏற்றும் பெருங்கம்பெனி விமானத்தில் அமர்வதற்கோ 1,500 மணி வேண்டும். 2009 பிப்ரவரியில் பபலோ நகரின் அருகே விமானமொன்று வீழ்ந்து 50 பேர் மாண்டபின், 2010இல் இயற்றிய சட்டத்தால் வந்தது இவ்விதி. இதில் ஒரு சலுகை உண்டு: ஒப்புதல் பெற்ற இரண்டாண்டு விமானப் பட்டயம் பெற்றவர்க்கு 1,250 மணியும், நான்காண்டுப் பட்டம் பெற்றவர்க்கு 1,000 மணியும் போதும். கல்லூரிக் கல்விக்கு அரசு வைத்த மதிப்பு இது. ஆனால் 250 மணிக்கும் 1,250 மணிக்கும் இடைப்பட்ட ஆற்றை மாணவன் தானே நீந்துகின்றான். பெரும்பாலோர் தாமே பயிற்சியாசிரியராகிக் குறைந்த ஊதியத்தில் மணிகளைச் சேர்க்கின்றனர். தாங்குவார் உள்ள வீட்டுப்பிள்ளை நீந்திக் கரையேறுகின்றான், கடன்காரன் தளர்கின்றான்.

இனிப் பொதுப்பணம் தருதலை மறுப்பார் கூறும் தடைகளையும் நேர்மையாக எண்ணுதல் வேண்டும்.

விமானி பின்னர்ப் பெருஞ்சம்பளம் பெறுவானன்றோ, அவனுக்கு ஏழையின் வரிப்பணம் எதற்கு என்பர். மருத்துவனும் பொருளீட்டுவான், அதுபற்றி மருத்துவக் கல்லூரியை எவரும் மூடச்சொல்லவில்லை. பொதுப்பணம் தராவிடின் விமானி இல்லாது போகான். செல்வர் மனையிலிருந்தே வருவான். ஆகவே கேள்வி விமானி வேண்டுமா என்பதன்று. எம்மனைப் பிள்ளை விமானியாதல் கூடும் என்பதே.

விமானக் கம்பெனிகள் ஆதாயம் பெறுகின்றன, அவையே தரட்டும் என்பர். அவை பங்கேற்றல் முறையே, சில ஏற்கின்றன. ஆனால் கம்பெனி தனக்கு வேண்டும் காலத்து வேண்டும் அளவே பயிற்றும். வாணிகம் தளர்ந்த ஆண்டில் முதலிற் பூட்டுவது பயிற்சிக் கதவையே.

மூன்றாவது தடையே வலியது. அளவின்றிக் கொடுத்தால் பணம் பாழாகும் என்பது அது. இதற்குச் சான்று உண்டு. 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி போரினின்று மீண்ட வீரர்க்கு அரசு செலவிற் கல்வி கிடைத்தபோது, தொழிலுக்கன்றிப் பொழுதுபோக்குக்கென விமானம் ஓட்டக் கற்றாரும் பலரானமையின், 1948இல் அதற்குத் தடைவிதிக்க நேர்ந்தது. அண்மையிலும், பொதுக்கல்லூரியில் பயிலும் முன்னாள் படைவீரர்க்கு விமானப் பயிற்சிச் செலவின்மேல் வரம்பு இல்லாமையால், ஒருவர்க்கே பல இலட்சம் டாலர் செலவான செய்தி 2015இல் வெளிப்பட்டது. ஒருபுறம் வரம்பின்றிக் கொட்டிய பணம்; மறுபுறம் பாதியில் வற்றிய பணம். இரண்டும் ஒரே பிழையின் இரு வடிவம். என்னை? முடிவு எதுவெனத் தீர்மானியாமல் கொடுத்ததே அப்பிழை.

இன்னொன்றும் உரைக்கவேண்டும். விமானம் என்றவுடன் நம் கண் ஓட்டுபவனையே நாடுகின்றது. அதனைப் பழுதுபார்த்து ஒப்பமிடுபவனை நாடுவதில்லை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் மிகச் சிறப்பாகச் செய்யும் பணி அப்பயிற்சியே. உடற்பகுதிக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து 1,900 மணிக் கல்வி என்று நெடுங்காலம் விதி இருந்தது. 2022இல் மணிக்கணக்கு நீங்கி, திறமையே அளவாயிற்று. இதனை இரண்டாண்டளவிற் கற்கலாம். வானேறும் செலவு இதில் இல்லையாதலின் கொடையும் கடனும் பெரும்பாலும் போதியனவாகின்றன. 2018ஆம் ஆண்டுச் சட்டம் விமானியர் கல்விக்கு ஆண்டுதோறும் 50 இலட்சம் டாலரும், பழுதுபார்ப்போர் கல்விக்கு அதேயளவும் ஒதுக்க இடந்தந்து, இருதொழிலையும் ஒரு தட்டில் வைத்தது. கொடுக்கும் பணம் சிறிதாயின் அது முழுதும் பயன்தரும் இடம் இதுவேயாகும்.

சங்கத்து அன்பர்களே! அந்நாட்டு வரலாறு நமக்குச் சொல்வது யாது? கல்விக்கொடை என்பது தொடக்கத்திற்கு அளிக்கும் பரிசன்று. முடிவுவரை உடன்செல்லும் துணை. நாமோ ஆண்டுதோறும் நம் நிதியை இருபது கூறாக்கி, இருபது பிள்ளைகட்கு மாலையிட்டுப் படமெடுத்துக்கொள்கின்றோம். பேனா வாங்கும் மாணவனுக்கு அது போதும். வானேறும் மாணவனை அது பாதிவானிலே விட்டுவிடும். மயிற்பொறி சுடுகாட்டில் இறங்கியது அரசி உணர்விழந்ததனால். நம் பிள்ளை கடையில் இறங்கியது நம் உதவி உணர்விழந்ததனால்.

ஆகலின் யாம் வேண்டுவன இவை. பெருஞ்செலவுக் கல்விக்கு ஒருவரையோ இருவரையோ தேர்ந்து, முடிவுவரை தாங்குக. படிதோறும் கணக்குக் கேட்டு, அடுத்த படிக்குப் பணம் தருக. விமானப் பழுதுபார்ப்புக் கல்வியையும் நம் பட்டியலிற் சேர்க்க. ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடு கருதற்க. நம் ஒருசங்கத்து நிதியால் தீராத இச்செலவுக்கு, எக்குலத்தார்க்கும் ஏழைக்கும் திறந்த பொதுப்பயிற்சி வேண்டுமென்று அரசுக்கு விண்ணப்பம் செய்க. நம் பிள்ளைக்கு மட்டும் என்று கேட்பின் அது சலுகை. எல்லார் பிள்ளைக்கும் என்று கேட்பின் அது வழி. டஸ்கிகீ மாணவர்க்குக் கதவு திறந்தது அவர்க்கென இயற்றிய சட்டத்தாலன்று, எவருக்கும் மறுக்கலாகாதென்ற விதியாலே.

இறுதியாக ஒன்று. முன்னர்க் கூறிய எம் மாணாக்கனுக்கு எஞ்சியிருப்பவை 90 மணி. பறந்த மணிகளும் நெடுநாட் கிடப்பின் கணக்கில் ஏறா, காலம் குறுகுகின்றது. இவ்வாண்டு எவருக்கும் புதிதாய் மாலையிடுமுன், நாம் தொடங்கிவைத்த அக்கணக்கை முடித்தல் வேண்டும் என்று முன்மொழிகின்றோம். அவன் எம்மிடம் கேட்டிலன். யாம் இவ்வாறு பேசப்போவதும் அறியான். எம் பங்காக ஒருமாதச் சம்பளத்தைத் தலைவரவர்களிடம் இப்பொழுதே ஒப்புவிக்கின்றோம். பெட்டிக்குள் கிடக்கும் அவ்வேடு மீண்டும் திறக்கப்படுமாயின், இன்று யாம் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.